மழையில் பார்க்க வேண்டிய வீடு

பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒரு வீடு விலைக்கு வந்தால் அந்தச் செய்தி முதலில் ஊருக்குள்தான் சுற்றும். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ளும்போதோ, படகுக் கடன் கழுத்தை நெரிக்கும்போதோ, பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பம் பொன்னேரிக்குக் குடிபோகும்போதோ வீட்டை விற்கிறார்கள். வாங்குகிறவரும் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர். நகையை வைத்து, சீட்டை எடுத்துத்தான் அவர் பணம் புரட்டுகிறார். இப்போது மீஞ்சூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஏரிக்கரையில் ஒரு வீடு வேண்டும் என்று தேடி வருகிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். யாராக இருந்தாலும் வீடு பார்க்கப் போகும்போது சில நம்பிக்கைகளைக் கையோடு கொண்டுபோகிறார்கள். மேட்டு நிலத்து ஊர்களில் அவற்றில் பாதி பொருந்தலாம். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் உவர்நீர் ஏரி, கூடவே பக்கிங்காம் கால்வாய் என்று உப்புத் தண்ணீர் சூழ்ந்த இந்த மண்ணில் அவற்றை நம்பினால் வாழ்நாள் சேமிப்பு போய்விடும். நாமே கண்ணால் பார்த்து, கையால் தட்டி, வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியது இங்கே நிறைய உண்டு. எந்த மாதத்தில் பார்க்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பவைதான் முக்கியம்.

“கோடையில் பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும்”

மே மாதத்தில் இங்குள்ள எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். சுவர் காய்ந்திருக்கும், தெரு மணலாகக் கிடக்கும், ஏரி விளிம்பு தூரத்துக்கு விலகிச் சேறு தெரியும். புதிதாக வெள்ளையடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதே வீட்டை ஐப்பசி கார்த்திகையில் பார்க்க வேண்டும். ஆரணியாறும் மற்ற ஆறுகளும் கொண்டுவரும் வெள்ளம் ஏரியில் இறங்கி, முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அந்த முகத்துவாரமோ மணல் சேர்ந்து அடிக்கடி தூர்ந்துபோகும். மீனவர்கள் பல ஆண்டுகளாக அதைத் தூர்வாரச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறார்கள். முகத்துவாரம் குறுகிக் கிடக்கும் ஆண்டில் ஏரித் தண்ணீர் வடிய நாளாகும், தாழ்ந்த தெருக்களில் அது நின்றுவிடும். ஆக, வீட்டு வாசலில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பது பெய்யும் மழையைப் பொறுத்தது மட்டுமில்லை, முகத்துவாரத்தையும் பொறுத்தது. கால்வாய் ஓரத்து வீடு என்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளில், கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாதவர்கள் விற்பவரிடம் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. அக்கம்பக்கத்தில் மூன்று வீடுகளிலாவது கேட்க வேண்டும், அதுவும் பெண்களிடம். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் கழுவிவிட்டவர்கள் அவர்கள்தான். “அக்கா, மிக்ஜாம் அப்போ இந்த வீட்டு வாசல்ல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?” என்று கேட்டால், கணுக்காலா முழங்காலா என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள். மிக்ஜாம் புயல் கொண்டுவந்த 2023 டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்து, பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிற கேள்வி: “மழைக்காலத்துல கக்கூஸ்ல தண்ணி இறங்குமா?” நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் மாதங்களில் கழிவுத் தொட்டியிலிருந்து தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் திரும்பி வரும் வீடுகள் ஏரிக்கரையில் உண்டு. சுவர் விரிசலைப் பிறகு பூசிக்கொள்ளலாம். ஆனால் வருடத்தில் இரண்டு மாதம் கழிப்பறை இல்லாமல் வயதான ஆத்தாவையும் வயதுப் பெண்ணையும் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் குடியிருக்க முடியாது.

“உப்புப் பூத்த சுவர்தானே, சுரண்டிப் பூசிவிட்டால் போச்சு”

பழவேற்காட்டில் மிக அதிகமாகப் பணத்தைத் தின்னும் நம்பிக்கை இதுதான். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து நிற்பது பூச்சின் நோயில்லை. அடிமண்ணில் இருக்கும் உவர்நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. சுவரின் முகப்பில் தண்ணீர் ஆவியாகப் போய்விட, உப்பு தங்கிவிடுகிறது. அந்த உப்பு உள்ளுக்குள் படிகமாக வளரும்போது பூச்சைத் தள்ளிப் பெயர்க்கிறது. காற்றில் ஈரம் கூடும் நாட்களில் அதே உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி கசிகிறது. சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசினால் ஆவியாகும் வழி அடைபட்டு, ஈரம் இன்னும் மேலேதான் ஏறும். முன்பு ஒன்றரை அடியில் இருந்த ஓதம் மூன்றடிக்குப் போகும். பேஸ்மட்டத்துக்கு மேல் ஓதம் ஏறாதபடி ஒரு தடுப்புப் பூச்சு போட்டுவிட்டுத்தான் சுவர் எழுப்பியிருக்க வேண்டும். போடாமல் கட்டிய சுவரில் பிறகு அதைச் சேர்ப்பது செலவு பிடித்த வேலை.

இங்கே பழைய வீடுகளைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வைத்துக் கட்டினார்கள். ஏரியிலிருந்து கிளிஞ்சல் அள்ளிச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவது இந்தப் பகுதியின் பழைய தொழில். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தாலும் சுவரைக் காக்கும். அப்படிப்பட்ட சுவரின்மேல் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அந்த இடத்தில் நின்று நன்றாகப் பாருங்கள். சுவர் பழையது என்பதற்காக அந்த வீட்டை ஒதுக்க வேண்டாம். அதன்மேல் போர்த்திய சிமெண்ட்தான் பல நேரம் கேடு செய்கிறது.

இப்போது இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடுவது பழக்கமாகிவிட்டது. அழகுக்காகவும் ஒட்டுவார்கள், ஓதத்தை மறைக்கவும் ஒட்டுவார்கள். டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அதே சுவரின் மறுபக்கத்துக்கும் போய்ப் பாருங்கள். டைல்ஸைத் தட்டும்போது வெற்றுச் சத்தம் கேட்டால் பின்னால் பூச்சு விட்டிருக்கிறது. பீரோவைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

“கம்பி கான்கிரீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது”

நல்ல கான்கிரீட் கம்பியைக் காக்கும் என்பது உண்மைதான். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தக் காப்பைத் துளைத்துவிடும் என்பதும் உண்மை. கம்பியில் பிடிக்கும் துரு, அரித்துப்போன இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, மேலே இருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். அதனால்தான் ஐஎஸ் 456 என்னும் இந்தியத் தர நெறி, கடலோரக் காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கு வேண்டும் என்கிறது. சாதாரண இடங்களுக்கு அது கேட்பது 20 மில்லிமீட்டர். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் அது வரம்பு போடுகிறது. கடல்நீரில் அது 19,000 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். எனவே “வீடு கட்டும்போது தண்ணி எங்கிருந்து எடுத்தீங்க, மணல் எங்கிருந்து வந்துச்சு?” என்பது அவசியமான கேள்வி. லாரித் தண்ணீரும் ஆற்று மணலும் என்றால் ஒரு கதை. பக்கத்துக் குழியில் இறைத்த தண்ணீரும் கரையில் அள்ளிய மணலும் என்றால் அந்தக் கூரையின் ஆயுள் கட்டிய அன்றே குறைந்துவிட்டது.

மூடாக்கை அளக்கக் கருவி வேண்டும். அது பத்தாமல் போனதன் அடையாளத்தைக் காணக் கண்ணே போதும். முதலில் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய தளம், மேலும் கீழும் காற்று படுகிறது, அங்கேதான் நோய் முதலில் தெரியும். பழுப்புக் கறை, கம்பி போன வழியே நேர்கோடாக ஓடும் விரிசல், திட்டாகப் பெயர்ந்து தெரியும் கம்பி ஆகிய மூன்றில் எது இருந்தாலும் உள்ளே துரு வேலை செய்கிறது. அடுத்து மாடிப்படியின் அடி, குளியலறைக் கூரை, மேல்தொட்டியைத் தாங்கும் தூண்கள். மரக் கைப்பிடி ஒன்றால் கூரையின் அடியைத் தட்டிக்கொண்டே போனால் கெட்டி இடமும் விட்ட இடமும் சத்தத்தில் பிரிந்துவிடும். கூரையில் மட்டும் அங்கங்கே புதுப் பூச்சு இருந்தால் எதற்காகப் பூசினார்கள் என்று கேட்காமல் நகராதீர்கள்.

பூச்சு மறைக்காத சாட்சிகளும் வீட்டில் உண்டு. கதவுக் கீல், ஜன்னல் கம்பி, மீட்டர் பெட்டியின் திருகு, கேஸ் அடுப்பின் கால் எல்லாம் அந்த வீட்டுக்குள் உப்புக் காற்று எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்லிவிடும். ஷீட் கூரை என்றால் ஜே வடிவக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். புயலில் ஷீட் பறப்பதற்குக் காற்றின் வேகத்தோடு அரித்துப்போன கொக்கியும் காரணம்.

“மணலில் கட்டிய வீடு நிற்காது”

நிற்கும். நெருக்கமாக அமுங்கி, பக்கவாட்டில் நகர வழியில்லாமல் இருக்கும் மணல் வீட்டைத் தாங்கும், நல்ல மண்தான். பயப்பட வேண்டியது இரண்டு. ஒன்று, ஏரி ஓரத்தில் சேற்றையும் களியையும் தூர்த்து மேடாக்கிய மனை. அது ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும், ஒரு மூலை மட்டும் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகவும், செங்கல் வரிசையில் படிபடியாகவும் ஓடும் விரிசல் அதைக் காட்டிக்கொடுக்கும். தலைமுடி போன்ற நேர் விரிசல் பூச்சோடு நிற்பது, அதற்காகப் பயப்பட வேண்டாம். இரண்டாவது, ஓடும் தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் மணலைப் பறிப்பது. பேஸ்மட்டத்தைச் சுற்றி நடந்து, எங்காவது மண் இறங்கிக் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். தரை மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பிய டியூப் ஒன்றும், சுவர் நேருக்குத் தூக்குக்குண்டும் போதும். இரண்டையும் எந்தக் கொத்தனாரும் இரவல் தருவார்.

கடல் பக்கத்துக் குப்பங்களில் இன்னொரு கேள்வியும் உண்டு: கரை இப்போது எங்கே இருக்கிறது, முன்பு எங்கே இருந்தது? சென்னையின் வடக்குக் கரையில் கரையரிப்பு நெடுநாளாக இருக்கிறது. தாத்தா காலத்தில் வலை உலர்த்திய இடம் எது என்று ஊர்ப் பெரியவரைக் காட்டச் சொல்லுங்கள்.

“போர் போட்டால் நல்ல தண்ணீர் வருகிறது”

இதற்கு மட்டும் கோடையில்தான் போக வேண்டும். மணல் திட்டில் மழைநீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம்வரை அது உப்பு நீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. திருப்பிப் பார்த்தால் ஆபத்து புரியும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினாலும் உப்பு பல மடங்கு வேகமாக மேலே வருகிறது. மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகளாக அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்ததை நாம் கண்கூடாகப் பார்த்திருக்கிறோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கையடக்க டிடிஎஸ் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை விடுகிறது. கிணறும் கழிவுத் தொட்டியும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதையும் அன்றே நடந்து பார்த்துவிடுங்கள். மணலில் அழுக்குத் தண்ணீர் சீக்கிரம் ஊர்ந்து போகும்.

“பட்டா இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது, கரண்ட் இருக்கிறது”

மூன்றும் இருந்தும் வீடு விற்பவருடையதாக இல்லாமல் போகலாம். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. வரி ரசீதும் மின் இணைப்பும் புறம்போக்கில் இருக்கும் வீட்டுக்கும் கிடைக்கும். வெள்ளைத்தாளிலோ முத்திரைத்தாளிலோ எழுதிக் கையெழுத்து வாங்கிய கிரயமும் கிரயமில்லை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட வீடு, மனை விற்பனையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது ஆங்கிலேயர் காலத்திலிருந்து இருக்கும் சட்டம். தாய்ப்பத்திரம், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு, புல வரைபடம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் அசல் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக் கண்ணால் பார்த்துவிடுங்கள். வியாபாரியிடமோ வட்டிக்காரரிடமோ கைமாற்றாக வைத்த பத்திரம் வில்லங்கச் சான்றில் வராது.

பூர்வீக வீடு என்றால் அக்கா தங்கைகளின் கையெழுத்து வேண்டும். கட்டிக்கொடுத்துவிட்டோம், சீர் செய்துவிட்டோம் என்பது பதிலாகாது. இந்துக் குடும்பங்களில் அதுவரை மணமாகாத பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது, மணமான பெண்ணுக்கும் சேர்த்து மத்திய அரசு 2005இல் செய்தது. இங்கே கணிசமாக வாழும் இஸ்லாமிய, கிறித்தவக் குடும்பங்களிலும் மகளுக்குப் பங்கு உண்டு.

இனி, இந்த ஊருக்கே உரிய சிக்கல்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்குத் தள்ளிப் புதுவீடு கொடுத்தது. அதைப் பெற்றவர்கள் பழைய இடத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. கடலோரப் பழைய மனை ஒன்று மலிவாக வந்தால், விற்பவர் குடும்பம் சுனாமி வீடு வாங்கியதா என்று கேளுங்கள். சுனாமி வீட்டையே வாங்குவதானால் உரிமை கணவன் மனைவி இருவர் பேரிலும் இருக்கும், இருவரும் கையெழுத்திட வேண்டும். அரசு ஒப்படை செய்த மனையில் விற்பனைக்குத் தடை உண்டா என்பதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். அரசு கட்டிக்கொடுத்ததால் உறுதி என்றும் நினைக்காதீர்கள். கட்டி இருபது ஆண்டை நெருங்கும் அந்த வீடுகளுக்கும் சன்ஷேடைத் தட்டிப் பார்க்கும் சோதனை உண்டு.

“கடற்கரைச் சட்டம் கடலுக்குத்தானே, இது ஏரிக்கரை” என்று சொல்வார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஏற்ற இறக்கம் உள்ள உப்பங்கழிகளுக்கும் பொருந்தும். 2011 அறிவிக்கை கரையிலிருந்து 100 மீட்டர் என்றது, 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராக்கியது. எந்த வரைபடம் இப்போது செல்லும், உங்கள் மனை அதில் எங்கே விழுகிறது என்பதை மாவட்ட அளவில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பழைய வீட்டை வாங்கி இடித்து மாடி கட்டலாம் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போகலாம்.

பறவைகள் சரணாலயம் இதைவிடக் கடுமையானது. ஏரியின் தமிழ்நாட்டுப் பக்கம் 153.67 சதுர கிலோமீட்டர் 1980இல் சரணாலயமானது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் வாரிசுரிமையாக அன்றி வேறு வழியில் புது உரிமை எதுவும் உண்டாகாது. அதாவது விலை கொடுத்தும் உரிமை வராமல் போகலாம். தலைமுறையாக வாழும் மக்களை அந்தரத்தில் நிறுத்தியிருக்கும் இந்த நிலையை அரசு சீக்கிரம் தீர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. தீரும்வரை புல எண்ணை வனத்துறையிடம் காட்டிக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் வீடு பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று: தொல்லியல் துறை பாதுகாக்கும் அதுபோன்ற சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர்வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களில் சிலர், குப்பத்தில் வீடு வாங்கினால் ஏரியில் தொழில் செய்யும் உரிமையும் சேர்ந்து வரும் என்று எண்ணுகிறார்கள். வராது. சுத்துவலை இறக்கும் இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு, அந்தந்த ஊரின் தலைக்கட்டுகளுக்கு உரியது. ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வாங்குவது மரியாதை. தெருவழி, தண்ணீர்க் குழாய், படகு ஏற்றும் இடம் பற்றிய பழைய வழக்குகளும் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும்.

“நாமே பார்த்துவிட்டோம், இன்ஜினியர் எதற்கு?”

நாமே பார்ப்பதால் வேண்டாத வீடுகளைச் செலவில்லாமல் தள்ளிவிடலாம். மனதுக்குப் பிடித்து, மேலே சொன்ன எல்லாவற்றையும் கடந்து வந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். வழக்கறிஞர் பத்திரங்களைப் படிக்கட்டும், சர்வேயர் எல்லையை அளக்கட்டும். கட்டடப் பொறியாளரிடம் “வீடு நல்லா இருக்கா?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். கம்பிக்கு மேல் மூடாக்கு எத்தனை மில்லிமீட்டர், கான்கிரீட்டில் குளோரைடு எவ்வளவு, துரு தொடங்கிவிட்டதா, சரிசெய்ய என்ன செலவாகும் என்று கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள். அவர் வரும் நாளுக்கு ஏணி ஒன்றும், இரண்டு இடத்தில் பூச்சைப் பெயர்த்துப் பார்க்க வீட்டுக்காரரின் சம்மதமும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சோதனையைக் கூடத்தில் தொடங்க வேண்டாம், மொட்டை மாடித் தொட்டியின் தூண்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.